படம் நிற்கிறது, குரல் ஓடுகிறது: பதித்த வீடியோக்கள் உறைந்துபோவது ஏன்?

பணியில் இருந்தபடியே இணையவழியில் கணக்கியல் சான்றிதழ்ப் படிப்பொன்றைப் படித்துவரும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

பாடங்கள் அனைத்தும் பயிற்சித் தளத்தின் பக்கங்களுக்குள் பதிக்கப்பட்ட வீடியோக்கள். 2015-இல் வாங்கிய விண்டோஸ் மடிக்கணினியில், குரோம் உலாவியில் அவற்றைப் பார்க்கிறார். தொடக்கத்தில் ஒழுங்காக ஓடும் பாடம் சில நிமிடங்களில் சிக்கிக்கொள்கிறது. படம் உறைந்து நிற்க, ஆசிரியரின் குரல் மட்டும் தொடர்கிறது. பிறகு படம் ஒரே தாவலாக வந்து குரலைப் பிடிக்கிறது, அல்லது பிடிக்காமலே போகிறது. வேறு சில நாள்களில், பாதியில் நிறுத்திவைத்த பாடத்தை ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஓடவிட்டால், நடுவில் வட்டம் சுழல்கிறதே தவிர வீடியோ வருவதில்லை. வேகச் சோதனை 90 எம்பிபிஎஸ் காட்டுகிறது. அதே வைஃபையில் கைபேசியில் பார்த்தால் தடங்கலே இல்லை. உலாவியின் வரலாறு முழுவதையும் இருமுறை அழித்தார். எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டதுதான் மிச்சம். குரோமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் மாற்றமில்லை. பயிற்சித் தளத்தின் உதவிப் பிரிவு, "உங்கள் இணைய இணைப்பைச் சரிபாருங்கள்" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டது. தீர்வு தேடி வேறொரு தளத்துக்குப் போனபோது, "உங்கள் வீடியோ பிளேயர் காலாவதியாகிவிட்டது, கோடெக் தொகுப்பை நிறுவுங்கள்" என்று ஒரு சாளரம் எழுந்தது. அங்கே கைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறார். மறுநாள் ஒருவர் அழைத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியொன்றை நிறுவினால் தாமே சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

புதிய மடிக்கணினி வாங்கிவிடலாமா, உதவிப் பிரிவு சொல்வதை நம்பலாமா, அந்தச் செயலியை நிறுவலாமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள். படிப்பைப் பார்ப்பதற்கான அனுமதிக் காலம் முடிய இன்னும் இரண்டு மாதங்களே இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றாம் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே அவசரமானது அது ஒன்றுதான். அந்தச் செயலியை நிறுவ வேண்டாம். நீங்கள் தேடிச் சென்று, எண்ணைச் சரிபார்த்துத் தொடர்புகொண்ட உதவிப் பிரிவுக்கு அப்படியொரு அனுமதியைத் தருவது வேறு. தானாக அழைத்த ஒருவருக்குத் தருவது வேறு. வங்கிக் கணக்கு, சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல் எல்லாம் அவர் கைக்குப் போய்விடும். ஒருவேளை கடிதம் எழுதிய பிறகு நிறுவிவிட்டிருந்தால், கணினியின் இணைய இணைப்பை உடனே துண்டித்து, செயலியை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறைகளின் தொகுப்பு என்று சொல்லப்பட்ட அந்தக் கோடெக் தொகுப்புக்கும் இதே விடைதான். இன்றைய உலாவிகள் வீடியோவைத் தம் சொந்தத் திறனாலும் இயங்குதளத்தின் உதவியாலும் ஓட்டுகின்றன. தனியாக ஒரு பிளேயரைப் பதிக்க வேண்டிய காலம், முன்பு வலைப்பக்கங்களில் வீடியோவை ஓட்டிய ஃபிளாஷ் என்ற செருகுநிரலோடு போயிற்று. ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் உள்ளடக்கம் ஓடாதபடியே தடுத்துவிட்டது. ஆகவே ஒரு வலைப்பக்கம் "பிளேயரைப் புதுப்பியுங்கள்" என்று கேட்டால் அதை மூடிவிடுவதே சரி. ஒரே ஒரு விலக்கு உண்டு: பெயரின் முடிவில் "என்" என்ற எழுத்தைத் தாங்கிய விண்டோஸ் பதிப்புகளில் ஊடகப் பகுதி இல்லாமலே வரும். அதையும் விண்டோஸின் அமைப்புகளுக்குள் போய்த்தான் சேர்க்க வேண்டும், எங்கோ எழுந்த சாளரத்தின் வழியாக அல்ல.

இனி வீடியோவுக்கு வருகிறேன். நீங்கள் ஒரு கோளாறைப் பற்றி எழுதியதாக நினைக்கிறீர்கள்; கடிதத்தில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. குரல் ஓட, படம் மட்டும் நிற்பது ஒன்று. நிறுத்திவைத்த பாடம் திரும்பி ஓடாமல் வட்டம் சுழல்வது இன்னொன்று. இவற்றின் காரணங்கள் வேறு, பொறுப்பாளிகளும் வேறு. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு தீர்வு தேடியதால்தான், நீங்கள் செய்தது எதுவும் எதையும் சரிசெய்யவில்லை.

பதித்த வீடியோ உங்களிடம் வந்துசேரும் வழி

பாடப் பக்கத்தில் தெரியும் அந்தச் செவ்வகம் பெரும்பாலும் பயிற்சித் தளத்துக்குச் சொந்தமானதாகவே இருக்காது. வீடியோக்களைச் சேமித்து வழங்கும் வேறொரு நிறுவனத்தின் சிறு பக்கம் அங்கே ஐஃபிரேம் என்ற சட்டத்துக்குள் திறந்துவைக்கப்பட்டிருக்கும். வீடியோ முழுக் கோப்பாகவும் வருவதில்லை. பெரும்பாலும் 2 முதல் 10 வினாடி வரை நீளமுள்ள துண்டுகளாக வருகிறது. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த ஹெச்எல்எஸ், 2012-இல் சர்வதேசத் தரமாக வெளியான டேஷ் ஆகிய இரு முறைகளும் இவ்வாறே இயங்குகின்றன. அடுத்தடுத்த துண்டுகளைப் பிளேயர் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது; அந்தக் கையிருப்புக்குத்தான் பஃபர் என்று பெயர். இணைப்பு மந்தமானால் தரம் குறைந்த துண்டுகளைக் கேட்டு வாங்குவதும் பிளேயரின் வேலைதான்.

இறங்கிய துண்டு சுருக்கப்பட்ட நிலையில் இருக்கும். அதை விரித்து, வினாடிக்கு 25 அல்லது 30 படங்களாக்கித் திரைக்கு அனுப்பியாக வேண்டும். குரலை விரிப்பது கணினிக்கு ஒரு பொருட்டே அல்ல; படத்தை விரிப்பது பெரும் வேலை. இங்கேதான் உங்கள் கடிதத்தின் முக்கியமான தடயம் இருக்கிறது. இணையம் தடைப்பட்டுக் கையிருப்பு தீர்ந்தால், பிளேயர் குரலையும் படத்தையும் சேர்த்தே நிறுத்தும், வட்டம் சுழலும். குரல் தங்குதடையின்றி வரப் படம் மட்டும் நிற்கிறதென்றால், தரவு ஏற்கெனவே உங்கள் கணினிக்குள் வந்துவிட்டது, அதை விரித்துக் காட்டும் இடத்தில்தான் சிக்கல் என்று கொள்ளலாம். ஆகவே உதவிப் பிரிவு சொன்ன இணைய இணைப்புக் காரணம் உங்கள் முதல் கோளாறுக்குப் பொருந்தாது. இரண்டாவதுக்கும் அது பொருந்தாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இதை நீங்களே உறுதிசெய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பிளேயரின் அடியில் ஓடும் கோட்டைப் பாருங்கள். பார்த்து முடித்த பகுதி ஒரு நிறத்தில் இருக்கும். அதற்கு முன்னால் வெளிர் சாம்பல் நிறத்தில் இன்னொரு பகுதி நீண்டிருக்கும். அந்தச் சாம்பல் பகுதிதான் கையிருப்பு. படம் உறையும் நொடியில் அது இன்னும் முன்னால் நீண்டிருந்தால், குற்றம் இணையத்தின் மேல் இல்லை. அது ஓடும் புள்ளியோடு ஒட்டி நின்றுவிட்டிருந்தால் இணைப்பையோ வழங்கும் சர்வரையோ சந்தேகிக்கலாம்.

வேகச் சோதனை பற்றி ஒரு சொல். 1080பி தரத்துக்கு யூடியூப் பரிந்துரைக்கும் தொடர் வேகம் 5 எம்பிபிஎஸ், 720பி தரத்துக்கு 2.5. உங்களிடம் 90 இருக்கிறது. ஆயினும் வேகச் சோதனை, பெரும்பாலும் அருகிலுள்ள ஒரு சர்வருடன் சில வினாடிகள் பேசிப் பார்த்துச் சொல்லும் கணக்கு. வீடியோ சர்வர் வரையிலான பாதை ஒரு மணி நேரம் சீராக இருக்குமா என்பதை அது சொல்லாது. இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன்னைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்தப் பாதை காரணமின்றி நீண்டுபோவதும் உண்டு. உங்கள் விஷயத்தில் அது தேவைப்படவில்லை என்றாலும், வேக எண்ணை வைத்து இணையத்தை முழுக்க விடுவித்துவிடும் பழக்கம் பலருக்கும் இருப்பதால் சொன்னேன்.

கைபேசியில் நன்றாக ஓடுகிறது என்பதை நீங்கள் வலுவான சான்றாக எழுதியிருக்கிறீர்கள். வைஃபை குற்றமற்றது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் மடிக்கணினிக்கு வருவதும் கைபேசிக்குப் போவதும் ஒரே வீடியோ என்று கொள்ள முடியாது. சிறிய திரைக்குப் பிளேயர் குறைந்த தரத்தைக் கேட்டு வாங்கலாம். அந்தக் கைபேசியின் சில்லுக்கு ஏற்ற வேறு கோடெக்கிலும் வாங்கலாம்.

உங்கள் மடிக்கணினி எங்கே திணறுகிறது

கோடெக் என்பது சுருக்கி விரிக்கும் முறை. ஹெச்.264 என்ற முறை 2003-இல் வந்தது. அதை விரிப்பதற்கென்றே தனி மின்சுற்று, இன்று புழக்கத்தில் இருக்கும் ஏறத்தாழ எல்லாக் கணினிகளின் கிராஃபிக்ஸ் பகுதியிலும் உண்டு. 2013-இல் வந்த விபி9 முறைக்கு அத்தகைய முழுமையான சுற்று இன்டெல்லின் 7-ஆம் தலைமுறைச் சில்லுகளில், அதாவது 2016-இன் பிற்பகுதியில்தான் வந்தது. 2018-இல் வெளியான ஏவி1 முறைக்கு 2020-இல் வந்த 11-ஆம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் மடிக்கணினி 2015-ஐச் சேர்ந்தது. பயிற்சித் தளத்தின் வீடியோ நிறுவனம் அண்மையில் புதிய கோடெக்குக்கு மாறியிருந்தால், முன்பு சிரமமின்றி ஓடிய பாடங்கள்கூட இப்போது உங்கள் கணினியின் மையச் செயலியின் (சிபியு) தலையில் ஏறிவிடும்.

தொடக்கத்தில் சரியாக ஓடிச் சில நிமிடங்கள் கழித்தே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி இந்த இடத்தில் அழகாகப் பொருந்துகிறது. மையச் செயலி தன் முழு வலுவோடு படத்தை விரித்துக்கொண்டே போகும்போது சூடேறுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அந்தக் கணத்திலிருந்து படங்கள் உதிரத் தொடங்குகின்றன. காற்றாடி இரைச்சலிட்டு, மடிக்கணினியின் அடிப்புறம் சுடும் நேரமும் படம் நிற்கும் நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று கவனியுங்கள். பத்தாண்டு பழகிய மடிக்கணினியில் காற்றுவழி தூசியால் அடைபட்டிருப்பது வழக்கம்தான். மெத்தைமேல் வைத்துப் பார்ப்பதும் மின்சார இணைப்பின்றிப் பேட்டரிச் சிக்கன நிலையில் பார்ப்பதும் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

ஊகத்தோடு நிற்க வேண்டியதில்லை, கண்ணால் பார்த்துவிடலாம். பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயல்திறன் பகுதிக்குப் போய், கிராஃபிக்ஸ் பகுதியைக் குறிக்கும் ஜிபியு என்பதைத் தேர்ந்தெடுத்தால் சிறு வரைபடங்கள் சில தெரியும். அவற்றில் ஒன்று வீடியோ டீகோட். வீடியோ ஓடும்போது அந்தக் கோடு தரையில் படுத்துக் கிடக்க, மேலேயுள்ள சிபியு கோடு 80, 90 சதவீதத்தில் ஏறி நின்றால், தனிச் சுற்று வேலை செய்யவில்லை, மையச் செயலியே எல்லாவற்றையும் சுமக்கிறது என்று பொருள். டீகோட் கோடு அசைந்துகொண்டிருந்தும் படம் உறைகிறதென்றால் கிராஃபிக்ஸ் பகுதியை இயக்கும் மென்பொருளான டிரைவர்மேல் சந்தேகம் திரும்புகிறது. ஒரே பார்வையில் விசாரணை பாதியாகிவிடுவதால், மற்ற எதற்கும் முன்னால் இதைச் செய்யச் சொல்கிறேன்.

யூடியூப் பிளேயராக இருந்தால் இன்னும் எளிது. வீடியோவின் மேல் வலது சொடுக்கினால் வரும் பட்டியலில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒன்றிருக்கும். எந்தக் கோடெக், எவ்வளவு கையிருப்பு, எத்தனை படங்கள் உதிர்ந்தன என்பதெல்லாம் அதில் ஓடும். உங்கள் தளம் வேறு பிளேயரைப் பயன்படுத்துவதாகத் தெரிவதால் டாஸ்க் மேனேஜரையே நம்ப வேண்டியிருக்கிறது.

ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியவை

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதே பாடத்தின் அதே பகுதியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். நான்கைந்தை ஒருசேர மாற்றிவிட்டால், சரியானாலும் எது சரிசெய்தது என்று தெரியாது.

தரத்தைக் குறைப்பது: பிளேயரின் பற்சக்கரக் குறியில் 'தானியங்கி' என்பதை மாற்றி 720பி, பிறகு 480பி என்று வைத்துப் பாருங்கள். படம் உறைவது நின்றால் உங்களுக்குச் செலவில்லாத தீர்வு கிடைத்துவிட்டது. கணக்குத் தாள்களின் சிறு எண்கள் 480பி-இல் மங்கலாகத் தெரியும் என்பதால் 720பி போதுமானதாக அமைந்தால் நல்லது.

கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷன்: குரோமின் அமைப்புகளில் சிஸ்டம் பகுதியில், படத்தை விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் பகுதியிடம் ஒப்படைக்கும் கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷனைப் பயன்படுத்தச் சொல்லும் பொத்தான் இருக்கும், சில பதிப்புகளில் அதுவே ஹார்ட்வேர் ஆக்சலரேஷன் என்று இருந்தது. இணையத்தில் எங்கு கேட்டாலும் "அதை அணைத்துவிடுங்கள்" என்றே சொல்வார்கள். அது சோதனைதான், தீர்வல்ல. அணைத்து, உலாவியை மறுபடி தொடங்கி ஓட்டிப் பாருங்கள். உறைவது நின்றால், கிராஃபிக்ஸ் டிரைவரில் கோளாறு. மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ விண்டோஸ் அப்டேட் வழியாகவோ டிரைவரைப் புதுப்பித்த பின் பொத்தானைத் திரும்பப் போட்டுவிடுங்கள். டிரைவர் புதுப்பிக்கும் இலவச மென்பொருள் என்று விளம்பரத்தில் வருபவற்றைத் தொட வேண்டாம். அணைத்த பிறகு நிலைமை முன்னைவிட மோசமானால், அந்தச் சுற்று ஏதோ உதவிக்கொண்டுதான் இருந்தது. உடனே பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள். அதை அணைத்தே வைத்திருந்தால் பழைய மடிக்கணினி இன்னும் சீக்கிரம் சூடேறும்.

எக்ஸ்டென்ஷன்கள் (உலாவியில் நாம் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள்): குரோமை நீக்கி நிறுவியும் மாற்றமில்லை என்று வியந்திருக்கிறீர்கள். நீக்கும்போது உலாவித் தரவையும் அழிக்கச் சொல்லியிருக்காவிட்டால் உங்கள் சுயவிவரம் கணினியிலேயே தங்கிவிடும். அழித்திருந்தாலும், கூகுள் கணக்கில் மறுபடி நுழைந்து ஒத்திசைவைத் தொடங்கியவுடன் பழைய எக்ஸ்டென்ஷன்கள் ஒன்றுவிடாமல் திரும்பி வந்திருக்கும். எனவே அந்தச் சோதனை நடந்ததாகவே கணக்கில்லை. அதற்குப் பதிலாக மறைநிலைச் சாளரத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் தனியாக அனுமதித்தாலொழிய அங்கே எக்ஸ்டென்ஷன்கள் இயங்கா, உலாவி சேமித்துவைக்கும் நகல்களான கேச்சும் புதிதாகவே இருக்கும். ஆனால் குரோமின் மறைநிலை, பிற தளங்களின் குக்கிகளை, அதாவது அவை உலாவியில் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்புகளை, இயல்பாகவே தடுக்கிறது. பதித்த வீடியோ வேறு தளத்திலிருந்து வருவதால், அது உங்களை அடையாளம் காண முடியாமல் உள்நுழையச் சொல்லிக் கேட்கலாம், தொடங்காமலும் இருக்கலாம். அதைப் புதிய கோளாறாக எண்ணிக் கலங்க வேண்டாம்.

வேறு உலாவி: எட்ஜில் பார்த்துவிட்டு "இரண்டு உலாவியிலும் இதே கதை" என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். எட்ஜ், பிரேவ், ஓப்பெரா எல்லாம் குரோமோடு ஒரே குரோமியம் அடித்தளத்தைப் பகிர்பவை. உண்மையான ஒப்பீடு வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸில் பாருங்கள். அதன் உதவிப் பட்டியலில் உள்ள டிரபிள்ஷூட் முறை, எக்ஸ்டென்ஷன்களையும் ஹார்ட்வேர் ஆக்சலரேஷனையும் தற்காலிகமாக ஒருசேர ஒதுக்கிவைத்துக் காட்டும்; உங்கள் அமைப்புகளை அழிக்காது.

வரலாற்றை அழிப்பதை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. ஒரு பக்கத்தின் பழைய நிரல் கேச்சில் சிக்கியிருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் சேர்த்து அழுத்தி அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக ஏற்றினாலே போதும். முழு வரலாற்றையும் குக்கிகளையும் அழிப்பதால் நீங்கள் இழந்தது உறுதி, பெற்றது எதுவுமில்லை.

சுழலும் வட்டம்: இது உங்கள் கணினியின் குற்றமல்ல

இரண்டாம் கோளாறுக்கு வருகிறேன். கட்டணப் பாடங்களைப் பிறர் நகலெடுக்காமல் இருக்க, வீடியோ முகவரியோடு ஒரு கையொப்பத்தையும் காலக்கெடுவையும் சேர்த்துத் தருவது தளங்களின் வழக்கம். கெடு முடிந்ததும் அதே முகவரியில் அடுத்த துண்டைக் கேட்டால் சர்வர் மறுத்துவிடும். நன்றாக எழுதப்பட்ட பிளேயர் புதிய முகவரியை வாங்கிக்கொண்டு தொடரும். சரியாக எழுதப்படாதது வட்டத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். நீண்ட இடைவேளைக்குப் பிறகு மட்டும் இது நேர்கிறது என்பதால், இதையே முதற்காரணமாகக் கருதுகிறேன்.

குரோமின் மெமரி சேவர் ஓய்விலிருக்கும் டேப்பை நினைவகத்திலிருந்து இறக்கிவிடுவதாலும் சிக்கல் வரலாம் என்று யாராவது சொல்லக்கூடும். அப்படியானால் நீங்கள் அந்த டேப்புக்குத் திரும்பிய கணமே முழுப் பக்கமும் தானாக மறுபடி ஏறும். உறைந்த படத்தின் மேல் வட்டம் மட்டும் சுழலாது.

சான்று எடுக்க, பாடத்தை ஓடவிட்டு எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்துவைத்த பிறகு பாடத்தை நிறுத்திவையுங்கள். முன்கூட்டித் திறந்துவைக்காவிட்டால் அதற்கு முன் நடந்தவை பதிவாகியிருக்கா. ஒரு மணி நேரம் கழித்து ஓடவிடும்போது, பட்டியலின் அடியில் சிவப்பு நிறத்தில் 403 என்ற எண்ணோடு வரிகள் தோன்றினால், சர்வர் அனுமதி மறுத்திருக்கிறது என்று பொருள். 404 என்றால் அந்தத் துண்டே அங்கில்லை. தடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருந்தால் மட்டும் உங்கள் விளம்பரத் தடுப்பானைக் கேள்வி கேளுங்கள். 403 வரிகளைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதவிப் பிரிவு அந்தப் பதிவு முழுவதையும் ஹார் கோப்பாகக் கேட்டால் யோசித்துத் தாருங்கள்; உங்கள் கணக்குக்குள் நுழைய உதவும் குறியீடுகள் அதில் இருக்கக்கூடும். தளத்தின் அதிகாரபூர்வ முகவரிக்கு மட்டும் அனுப்பி, அனுப்பியதும் தளத்திலிருந்து வெளியேறி மறுபடி நுழையுங்கள்.

அதுவரை, இடைவேளைக்குப் போகுமுன் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பியதும் பக்கத்தைப் புதிதாக ஏற்றி அந்த நிமிடத்துக்குப் போய்விடுங்கள். காத்திருப்பதால் பயனில்லை.

தளத்தாரிடம் கேட்கக்கூடியவை, உங்கள் பக்கம் உள்ள ஆபத்துகள்

முகவரியின் காலக்கெடுவைச் சரிசெய்வது தளத்தாரின் பொறுப்பு. நீங்கள் கட்டணம் கட்டியவர். பாடத்தைப் பார்க்கும் வசதியும் அந்தக் கட்டணத்துக்குள் அடங்கியதே. ஆயினும் முதல் கோளாறு உங்கள் பழைய கருவியால் வந்ததாக இருந்தால், அதற்கு அவர்களை முழுப் பொறுப்பாக்க முடியாது. சேர்க்கை விதிமுறைகளில் குறைந்தபட்சக் கணினித் தேவை என்று ஏதாவது இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். இருந்து, உங்கள் மடிக்கணினி அதற்குள் அடங்கினால் உங்கள் வாதம் வலுக்கும். அடங்காவிட்டால் இரண்டாம் கோளாறை மட்டும் முன்வைப்பதே விவேகம். இரண்டையும் கலந்து எழுதினால் முன்பு கிடைத்த ஒரு வரிப் பதில்தான் மறுபடியும் கிடைக்கும்.

பணத்தைத் திரும்பக் கேட்பதைவிட அனுமதிக் காலத்தை நீட்டிக்கக் கேட்பது உங்களுக்குப் பயனுள்ளது என்பது என் கருத்து. படிப்பை முடிப்பதுதானே நோக்கம். தளத்தார் மறுத்து, பணத்தைத் திரும்பப் பெறும் நிலை வந்தால், விதிமுறையில் உள்ள கெடுவையும், அட்டை வழியாகக் கட்டியிருந்தால் வங்கியில் முறையிடுவதற்கான கெடுவையும் இப்போதே பார்த்து வையுங்கள். எல்லாத் தொடர்பும் எழுத்தில் இருக்கட்டும். பாடங்களைத் தரவிறக்கித் தரும் கருவிகளைப் பயன்படுத்தினால் என்ன என்ற எண்ணம் வரும். அது பெரும்பாலும் விதிமுறையை மீறுவதாகும், அதைக் காட்டியே உங்கள் கணக்கை முடக்க இடம் கொடுத்துவிடுவீர்கள்.

புதிய மடிக்கணினி வேண்டுமா

வீடியோவுக்காக மட்டும் என்றால் இப்போது வேண்டாம். தூசி தட்டி, மின் இணைப்போடு, 720பி-இல் பாடம் உறையாமல் ஓடினால் இந்த இரண்டு மாதத்தை அது தாங்கும். ஆனால் வேறொரு காரணத்தை நான் மறைக்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான இயல்பான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 2015-ஆம் ஆண்டு இன்டெல் சில்லுகள் விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. வங்கி வேலைகளையும் இதே மடிக்கணினியில் செய்கிறீர்கள் என்றால், மாற்றுவதற்கு அந்தப் பாதுகாப்புக் காரணமே போதும். பதற்றத்தில் வாங்காமல், படிப்பு முடிந்த பிறகு நிதானமாக வாங்குங்கள். வாங்கும்போது ஏவி1 வீடியோவை விரிக்கும் சுற்று உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தளத்தாருக்கு அனுப்ப ஒரு மாதிரியையும் தருகிறேன். தேதிகளையும் பாட எண்ணையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

"உங்கள் படிப்பின் இந்தப் பாடத்தை நிறுத்திவைத்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துத் தொடரும்போது வீடியோ ஓடுவதில்லை. அப்போது வீடியோத் துண்டுகளுக்கான கோரிக்கைகளுக்கு 403 என்ற மறுப்பு வருகிறது, திரைப்பிடிப்பை இணைத்துள்ளேன். பக்கத்தைப் புதிதாக ஏற்றினால் உடனே ஓடுகிறது, ஆகவே இது என் இணைப்பின் வேகத்தால் நேர்வதாகத் தெரியவில்லை. வீடியோ முகவரி எவ்வளவு நேரம் செல்லுபடியாகும், அதைப் பிளேயர் தானாகப் புதுப்பிக்குமாறு செய்ய முடியுமா, பாடங்களை ஹெச்.264 வடிவில் பார்க்க வழியுண்டா என்ற மூன்று விவரங்களையும் தெரிவிக்கக் கோருகிறேன். இதனால் நான் இழந்த நாள்களுக்கு ஈடாக என் அனுமதிக் காலத்தை நீட்டித்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்."